மழைக்காலத்தில் கேக்குக்குக் கண்ணாடி அலங்காரம்: சர்க்கரையா, ஐசோமால்ட்டா, கற்கண்டா?

வேளச்சேரி வித்யா

எல்லாருக்கும் வணக்கம். நவம்பர் ரெண்டாவது வாரத்துக்கு ஒரு ஆர்டர் எடுத்திருக்கேன். ஏழு வயசுப் பொண்ணோட பிறந்தநாள். கடலடி தீம், மூணு கிலோ, முட்டை சேர்க்காத கேக். மேலே நீல நிறத்துல ஒரு அலை எழும்பி நிக்கணும், வெளிச்சம் ஊடுருவித் தெரியணும்னு அந்தப் பொண்ணோட அம்மா படம் அனுப்பியிருக்காங்க.

மாதிரிக்கு சர்க்கரை, தண்ணி, கொஞ்சம் எலுமிச்சைச் சாறு வச்சுப் பாகு காய்ச்சி ஊத்திப் பார்த்தேன். ராத்திரி நகத்தால தட்டினா 'டங்'னு கேட்டுச்சு, எதிர்ப்பக்கம் எழுத்து தெரியற அளவுக்குத் தெளிவு. காலைல பட்டர் பேப்பரோட ஒட்டி, தொட்டா விரல் ரேகை பதியற மாதிரி இளகியிருந்துச்சு. அன்னிக்கு மழைகூட இல்லை.

ஐசோமால்ட்னு, சர்க்கரைக்குப் பதிலா உருக்கி ஊத்தி அலங்காரம் பண்ற இனிப்புப் பொருள் விக்கறாங்களே, அதை வாங்கினா இந்தப் பிரச்சினை தீருமா? விலை சர்க்கரையைவிடப் பல மடங்கு இருக்கறதால கேக்கறேன். கேக் கிரீம் கேக், அதனால ஃப்ரிட்ஜ்ல இருந்துதான் வெளியே எடுக்கணும். வீட்டுக்காரங்க சுத்த சைவம், ஜெலட்டின் கூடாது.

கோவை அம்மணி

வித்யா, நான் எலுமிச்சை விட்டுத்தான் பண்றேங்க, ஒரு நாள் முழுக்க நல்லாத்தான் நிக்குது. பாகு பத்தலையோ என்னவோ. தெர்மாமீட்டர் வச்சீங்களா, இல்ல தண்ணில விட்டுப் பார்க்கற பதந்தானா? 150 டிகிரி தொடாம இறக்கினா உள்ள தண்ணி நின்னுக்கும், அப்புறம் பிசுபிசுங்கும்.

பாகுக்கரண்டி

அம்மணி சொல்றது பாதி சரி. 150-க்குக் கீழே இறக்கினா பிசுபிசுக்கும். ஆனா வித்யாவோட பாகு 'டங்'னு கேட்டிருக்கு, அப்போ பதம் வந்துடுச்சு. இங்க வில்லன் எலுமிச்சை. கோவையில தப்பிச்சுடலாம், சென்னையில தப்பிக்க முடியாது. ஏன்னு கொஞ்சம் விளக்கமா எழுதறேன். நான் பன்னெண்டு வருஷம் ஹோட்டல் பேஸ்ட்ரி கிச்சன்ல இருந்தவன், இது எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், நீளமா இருந்தா பொறுத்துக்கோங்க.

சர்க்கரைப் பாகை நல்லா காய்ச்சி, சடார்னு ஆறவிட்டா, மூலக்கூறுகளுக்கு வரிசையா அடுக்கிக்க நேரம் கிடைக்காது. கலைஞ்ச நிலையிலேயே உறைஞ்சு போயிடும். அதுதான் கண்ணாடி. வரிசை இல்லாததாலதான் வெளிச்சம் சிதறாம உள்ளே போய் வெளியே வருது. அதே காரணத்தாலதான் ஈரத்தையும் இழுக்குது. முழுக்க உலர்ந்த சர்க்கரைக் கண்ணாடி 60–70 டிகிரி வாக்கில இளக ஆரம்பிக்கும். ஈரம் ஏற ஏற அந்த எண் மளமளன்னு இறங்கும். கடைசியில நம்ம அறை வெப்பத்துக்கே வந்துடும். அப்போ அது உறைஞ்ச பொருளே இல்லை, ரொம்ப மெதுவா ஓடற பாகு.

இப்போ எலுமிச்சைக்கு வருவோம். ஜாங்கிரிப் பாகு பூத்துப் போகாம, அதாவது திரும்பப் பரல் பரலா சர்க்கரை கட்டிடாம இருக்க ரெண்டு சொட்டு விடுவோம் இல்லையா? புளிப்பு என்ன பண்ணுதுன்னா, சர்க்கரையில ஒரு பங்கை உடைச்சு குளுக்கோஸா, ஃப்ரக்டோஸா பிரிச்சுடுது. கலப்பு ஆனதும் பாகு பூக்காது, சரிதான். ஆனா ஃப்ரக்டோஸ் கண்ணாடி இளகற வெப்பம் வெறும் 5 டிகிரி வாக்கில, குளுக்கோஸுக்கு 31 வாக்கில. ரெண்டுமே நம்ம ஊர் வெயிலுக்கு ஆகாது, அதுலயும் ஃப்ரக்டோஸ் ஈரத்தை அப்படியே உறிஞ்சும். ஜாங்கிரி ஈரமா இருக்கறது நமக்கு வேணும். அலங்காரத்துக்கு அது வேண்டவே வேண்டாம். எலுமிச்சை எவ்வளவு விடறோம், எவ்வளவு நேரம் கொதிக்குதுங்கறதைப் பொறுத்து உடையற அளவும் மாறும், அதனால ஒரு தடவை வர்ற மாதிரி அடுத்த தடவை வராது.

சர்க்கரையிலதான் பண்ணுவேன்னா லிக்விட் குளுக்கோஸ் சேருங்க. பேர்ல குளுக்கோஸ் இருந்தாலும் அதுல பெரும்பங்கு நீளச் சங்கிலிகள். அது பாகைக் கெட்டியாக்கிப் பூக்காம தடுக்கும், ஃப்ரக்டோஸும் கிடையாது. 400 கிராம் சர்க்கரை, 160 கிராம் லிக்விட் குளுக்கோஸ், 120 மில்லி தண்ணி. சர்க்கரை கரையற வரைக்கும்தான் கிளறணும், கொதி வந்ததும் கரண்டியை வச்சுடணும். பாத்திர ஓரத்துல தெறிச்ச துளியில ஒரு பரல் காய்ஞ்சு உள்ளே விழுந்தாலே மொத்தமும் பூக்கும், அதனால தண்ணி தொட்ட பிரஷ்ஷால ஓரத்தைத் துடைச்சுக்கிட்டே இருங்க. 150–152-ல இறக்கி, பாத்திரத்தோட அடியைப் பச்சத்தண்ணில ஒரு கணம் வைங்க, சூடு மேலே ஏறாது.

இதுவும் வேளச்சேரி நவம்பர்ல காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் தாங்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாது. சில மணி நேரம் நிக்கும். உங்க அலை பெருசு, ஐசோமால்ட்டே போங்க.

மீனாட்சி மாமி

குறுக்கே பேசறேன்னு நினைக்காதீங்கோ. நான் கல்யாண வீடுகளுக்குப் பருப்புத் தேங்காய் கூடு பிடிச்சுக் கொடுக்கறவ. சீர்த் தட்டுக்குச் சர்க்கரை பொம்மையும் பண்ணுவேன். மர அச்சுல ஊத்தி எடுக்கற மயிலும் கிளியும் மாசக்கணக்கா டப்பாவுல இருக்கு, ஒண்ணும் இளகினதில்லை. மழைக்காலத்துலயும்தான். சர்க்கரையால ஆகாதுன்னு ஏன் முடிவு கட்டறேள்? இறக்குமதிப் பொடியை வாங்கச் சொல்றதுக்கு முன்னாடி பாகு பதத்தைச் சரியா சொல்லிக் கொடுங்கோ.

இன்னொண்ணு. கடைச் சர்க்கரையில அழுக்கு உண்டு. கொதிக்கும்போது ஒரு ஸ்பூன் பால் விட்டா நுரையோட மேலே ஒதுங்கும், அதை எடுத்துடணும். பால் விடாத பாகு எப்படித் தெளிவா வரும்?

பாகுக்கரண்டி

மாமி, உங்க பொம்மைதான் இந்த விவாதத்துக்கே சரியான சாட்சி. உங்க அச்சுப் பாகை ஊத்தறதுக்கு முன்னாடி கரண்டியால தேய்ச்சுக் கிளறி, வெளுத்துக் குருணை கட்டற வரைக்கும் கொண்டு வருவீங்க இல்லையா? அதாவது வேணும்னே பூக்க வைக்கறீங்க. உள்ளே இருக்கறது கோடிக்கணக்கான குட்டிப் பரல்கள். பரலா அடுக்கின சர்க்கரை, காத்துல ஈரம் 85 சதவீதத்தைத் தொடற வரைக்கும் தண்ணியைக் கிட்டக்கூட சேர்க்காது. அதனாலதான் மயில் மாசக்கணக்கா நிக்குது. ஆனா அது வெள்ளை. அந்தக் குட்டிப் பரல்கள்ல வெளிச்சம் சிதறிடும், ஊடுருவாது.

வித்யாவுக்கு வேண்டியது பூக்கவே கூடாத பாகு. அதே சர்க்கரை, அதே அடுப்பு, ஆனா நேர் எதிரான வேலை. ஒண்ணோட பலம் இன்னொண்ணுக்கு வராது.

பால் விஷயத்துல நீங்க சொல்றது ரொம்பச் சரி. நம்ம ஊர் மில்கள்ல பெரும்பாலும் கந்தகம் ஏத்திச் சுத்தம் பண்ற வெள்ளைச் சர்க்கரைதான் வருது. பார்க்க வெள்ளை, பாகு காய்ச்சினா மெலிசா ஒரு மஞ்சள் தெரியும். பாக்கெட்ல 'கந்தகம் சேராத, சுத்திகரித்த சர்க்கரை'ன்னு போட்டது கிடைச்சா அதையே வாங்குங்க. அது தெளிவா வரும். ஆனா கண்ணாடி வேலைக்குப் பால் விட வேண்டாம். பால்ல இருக்கற புரதமும் பால் சர்க்கரையும் 150 வரைக்கும் காயும்போது தானே நிறம் கொடுக்கும்.

மீனாட்சி மாமி

சரி, இது நியாயமா இருக்கு. குருணை கட்ட வைக்கறதை நான் கைப்பழக்கமா பண்ணிண்டு வரேன், அதுக்கு இப்படி ஒரு காரணம் இருக்கும்னு யாரும் சொன்னதில்லை. ஆனா ருசின்னு பார்த்தா சர்க்கரைதான். அந்த ஐசோமால்ட் ஒரு துண்டு வாயில போட்டேன், ஒரு இனிப்பும் இல்லை.

பாகுக்கரண்டி

ஒத்துக்கறேன் மாமி. சர்க்கரையோட இனிப்புல பாதி அளவுதான் இருக்கும். அது பார்க்கறதுக்கான பொருள். குழந்தைகள் சாப்பிடணும்னு பண்ற லாலிபாப்புக்கு நான் இன்னிக்கும் சர்க்கரைதான் எடுப்பேன்.

ரொறொன்ரோ சுகந்தி

வணக்கம். நான் கனடாவில இருந்து எழுதிறன். வித்யா, நீங்கள் பார்க்கிற வீடியோக்கள் கனக்க எங்கட ஊர் மாதிரி இடங்களில எடுத்ததாத்தான் இருக்கும். இங்க குளிர்காலத்தில ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கிறதால வீட்டுக்குள்ள காத்து அப்பிடியே வறண்டு போகும். அந்த நேரம் வெறும் சீனியில செய்த இலைகள் மேசையில வைச்சாலும் கிழமைக்கணக்கில பளிச்செண்டு இருக்கும். ஜூலையில அதே அளவு, அதே பாத்திரம், அடுத்த நாளே ஒட்டும். செய்முறையில ஒண்டும் பிழையில்லை. ஆர் எந்த ஊரில, எந்த மாசத்தில செய்யினம் எண்டதைப் பார்க்காமல் அளவை மட்டும் எடுத்தால் சரிவராது.

நான் ஐசோமால்ட்டுக்கு மாறினதுக்கு ஈரம் மட்டும் காரணமில்லை. சீனிப்பாகு 160 தாண்டினால் மஞ்சளாகத் தொடங்கும், ஐசோமால்ட் 170 வரைக்கும் தண்ணீர் நிறத்திலயே நிக்கும். திரும்ப உருக்கலாம். நீலம் போட்டால் நீலமாவே வரும். மஞ்சள் பாகில நீலம் போட்டால் பச்சை கலந்த நிறந்தான் வரும், கடல் அலைக்கு அது பெரிய வித்தியாசம்.

வேளச்சேரி வித்யா

சுகந்தி அக்கா, பச்சை கலந்து வர்றதைப் பத்தி நான் யோசிக்கவே இல்லை, நன்றி. சரி, ஐசோமால்ட்டே வாங்கிடறேன். பாகுக்கரண்டி சார், முறையைக் கொஞ்சம் சொல்லுங்களேன். பரல் வாங்கறதா, ஏற்கனவே காய்ச்சித் துண்டு போட்டு விக்கறாங்களே அதா?

பாகுக்கரண்டி

ரெண்டும் ஒரே பொருள்தான். பரலா வர்றதை நீங்க காய்ச்சணும். துண்டை உருக்கினா போதும். கொஞ்ச வேலைக்குத் துண்டு, பெரிய அலைக்குப் பரல்.

500 கிராம் பரலுக்கு 50 மில்லி தண்ணி. அடி கனமான எவர்சில்வர் பாத்திரம் எடுங்க. கறுப்பு நான்ஸ்டிக்ல நிறம் மாறறது கண்ணுக்குத் தெரியாது. முதல்ல ஈர மணல் பதத்துல இருக்கும், நிதானமான தீயில உருகட்டும். உருகி முடிஞ்சதும் தீயை ஏத்திக் கொதிக்க விடுங்க. நடுவுல எண் நகராம நிக்கற மாதிரி தோணும், அது தண்ணி வெளியேறற நேரம், அவசரப்பட வேண்டாம். 168–170 வந்ததும் இறக்கி அடியைப் பச்சத்தண்ணில வைங்க. 'சொய்'ங்கற சத்தம் நின்னதும் எடுத்துடுங்க. அதுக்கு மேல வச்சா அடி உறைஞ்சுடும்.

நிறம் போடறது 140 வாக்கில. ஜெல் நிறம் ஒரு குச்சி நுனியளவு. அதுல தண்ணி இருக்கறதால பொங்கும், முகத்தைத் தள்ளி வச்சுக்கோங்க. முழுசா கலக்காதீங்க, ரெண்டு இழுப்பு போதும். அலைக்குள்ள நீலம் கோடு கோடா ஓடினாதான் ஆழம் தெரியும்.

குமிழிதான் அடுத்த எதிரி. ஓவன் இருந்தா 130 டிகிரியில பாத்திரத்தோட கால்மணி நேரம் வைங்க, குமிழி எல்லாம் மேலே வந்து உடைஞ்சுடும். அப்புறம் மெலிசான தாரையா, தாழ்வா பிடிச்சு, சிலிகான் ஷீட்ல ஊத்தணும். உயரத்துல இருந்து ஊத்தினா காத்தும் சேர்ந்து உள்ளே போகும். மேலே நிக்கற குமிழியை சமையல் கேஸ் டார்ச் நெருப்பு ஒரு தடவை தடவினா போயிடும்.

அலை வளைவுக்கு: ஊத்தினதை ஓரத்துல லேசா தூக்கிப் பாருங்க. ஒழுகாம மடங்கற பதம் ஒண்ணு வரும். சூடு தாங்கற கையுறை ரெண்டு போட்டு, ஷீட்டோடயே தூக்கிக் கவுத்து வச்ச பாத்திரத்து மேல சாய்ச்சு, மேல் ஓரத்தைக் கையால சுருட்டி விடுங்க. அந்தப் பதம் அரை நிமிஷம்தான் கைல இருக்கும். தவறிடுச்சுன்னா கவலையே இல்லை, உடைச்சுப் பாத்திரத்துல போட்டுத் திரும்ப உருக்குங்க.

ஒரே துண்டா பெரிய அலை பண்ண வேண்டாம். மூணு துண்டா பண்ணி, அடியில கெட்டியான ஒரு ஐசோமால்ட் தட்டு ஊத்தி, அதுல உருக்கி ஒட்டுங்க. கனம் தாங்கும், கார்ல போகும்போது ஆடாது.

ஆறினதும் வெறும் விரலால தொடவே தொடாதீங்க. ஒரு ரேகை பதிஞ்சாலும் விளக்கு வெளிச்சத்துல காட்டிக் கொடுக்கும். சிலிகா ஜெல் பாக்கெட் போட்ட காத்துப் புகாத டப்பாவுல வைங்க.

அண்ணாநகர் ஆஷிக்

ரெண்டு விஷயம் சேர்க்கறேன்.

தண்ணி. போர்வெல் தண்ணில காய்ச்சினா அதுல இருக்கற உப்புகளால மஞ்சளடிக்கும். ஆர்ஓ தண்ணி போதும். சில வெளிநாட்டுக் குறிப்புகள்ல 'டிஸ்டில்டு வாட்டர்'னு இருக்கும். நம்ம ஊர்ல பெட்ரோல் பங்க்லயும் இன்வெர்ட்டர் கடையிலயும் அந்தப் பேர்ல விக்கறது பேட்டரிக்கானது. தயவுசெஞ்சு அதைச் சமையலுக்கு எடுக்காதீங்க. இதை அழுத்திச் சொல்றேன், ஏன்னா ஒரு பேக்கிங் குரூப்ல அதைப் படம் பிடிச்சுப் போட்டு 'இது ஓகேவா'ன்னு கேட்டிருந்தாங்க.

துண்டு வாங்கறவங்க மைக்ரோவேவ்ல சிலிகான் கிண்ணத்துல வச்சு இருபது இருபது விநாடியா உருக்கலாம். கிளறினா குமிழி வரும். கிண்ணத்தை மெதுவா சுழட்டினா போதும். மோல்டுல ஒரு துளி ஈரம் இருந்தாலும் அந்த இடம் குழி விழும், ஹேர் டிரையர் காட்டிட்டு ஊத்துங்க.

ரேவதி சிஸ்டர்

நான் கேக் செய்யறவ இல்லை, தீக்காயப் பிரிவுல வேலை பார்க்கற நர்ஸ். மகளுக்காக இந்த இழையைப் படிக்க வந்தேன், இதைச் சொல்லாம போக மனசு வரலை.

கொதிக்கற தண்ணி 100 டிகிரி, பட்டா வழிஞ்சு ஓடிடும். இந்தப் பாகு 170 டிகிரி, பட்ட இடத்துலயே ஒட்டி நின்னு உள்ளே சுடும். வேலை தொடங்கறதுக்கு முன்னாடியே வளையல், மோதிரம் கழட்டி வைங்க. முழங்கை வரை மூடற பருத்தி உடுப்பு, காலுக்குச் செருப்பு. பக்கத்துல ஒரு பெரிய சட்டி நிறைய பச்சத்தண்ணி. குழந்தைங்க சமையலறைக்குள்ள வரவே கூடாது.

பட்டுடுச்சுன்னா உடனே தண்ணிக்குள்ள, அப்புறம் ஓடற குழாய்த் தண்ணியில இருபது நிமிஷம். ஒட்டின பாகைப் பிய்க்காதீங்க, தோலோட வரும். தண்ணில ஆறினதும் தானா விடும். ஐஸ் வேண்டாம். பற்பசை, பேனா மை, இட்லி மாவு, மஞ்சள் எதுவும் தடவாதீங்க. தடவிட்டு வர்றவங்களுக்கு அதைக் கழுவி எடுக்கற வலி தனியா. கொப்புளம் உள்ளங்கை அளவு இருந்தாலோ, முகம், விரல் மூட்டுல பட்டாலோ ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க.

வேளச்சேரி வித்யா

ரேவதி சிஸ்டர், இதை எழுதிச் சுவத்துல ஒட்டி வச்சுக்கறேன்.

அடுத்த சந்தேகம் ஃப்ரிட்ஜ். அலங்காரத்தைக் கேக்ல வச்சே ஃப்ரிட்ஜ்ல வைக்கலாமா, இல்ல தனியாவா?

பாகுக்கரண்டி

தனியா. நம்ம ஊர்க் காத்துல இருக்கற ஈரத்துக்கு, 20 டிகிரிக்குக் கீழே இருக்கற எந்தப் பரப்பும் வேர்க்கும். ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்த கேக் 5 டிகிரி. எடுத்த உடனே அது மேல தண்ணி கோக்கும். அலையும் அதே குளிர்ல இருந்தா அது மேலயும் கோக்கும், அப்புறம் ஐசோமால்ட்டே ஆனாலும் மங்கிடும்.

அலை அறை வெப்பத்துல டப்பாவுல இருக்கட்டும். விழா வீட்டுல, ஏசி ஓடற அறையில, மெழுகுவர்த்தி ஏத்தறதுக்கு அரைமணி முன்னாடி கேக்ல வைங்க. ஏசி குளிர வைக்கறதோட காத்துல இருக்கற ஈரத்தையும் பிழிஞ்சு எடுக்குது, நமக்கு வேண்டியது அதுதான். கிரீமை நேரா தொடற அடிப்பாகம் மட்டும் கரையும். அதுக்கு அந்தத் தட்டோட அடியை உருக்கின வெள்ளை காம்பவுண்ட் சாக்லேட்ல முக்கி உலர்த்திடுங்க. சாக்லேட்ல இருக்கற கொழுப்பு தண்ணியை விடாது.

ஐசோமால்ட் ஈரமே இழுக்காதுன்னு கடைக்காரங்க சொல்வாங்க. அது பரலா இருக்கும்போது உண்மை. உருக்கி ஊத்தினா அதுவும் கண்ணாடிதான், அதுவும் இழுக்கும். சர்க்கரையைவிட ரொம்ப மெதுவா இழுக்கும், இழுத்தாலும் மேல்தோல்ல மெலிசா பூத்து மங்கும், உடனே பிசுபிசுக்காது. அந்தக் கால அவகாசத்துக்குத்தான் நாம காசு கொடுக்கறோம்.

மலேசியாவும் நம்மள மாதிரி ஈரக் காத்து நாடுதான். லியோன் நகரத்துல நடக்கற உலக பேஸ்ட்ரி கோப்பையில 2019-ல அந்த அணிதான் முதல் இடம். அந்தப் போட்டியில சர்க்கரைச் சிற்பமும் ஒரு பகுதி. ஈரமான ஊர்ல பிறந்தவங்களுக்கு இந்தக் கலை வராதுன்னு யாராவது சொன்னா நான் இதைத்தான் சொல்வேன்.

திருச்சி தேன்மொழி

ஐசோமால்ட் சுகர் ஃப்ரீன்னு போட்டிருக்கு. அப்பாவுக்குச் சர்க்கரை வியாதி, அவர் கேக்குக்கு இதையே போட்டா நிம்மதியா சாப்பிடலாம்தானே?

ரேவதி சிஸ்டர்

ஐசோமால்ட் ரத்தச் சர்க்கரையைக் கொஞ்சமாத்தான் ஏத்தும், அது உண்மை. ஆனா அடியில இருக்கற கேக்ல மைதாவும் சர்க்கரையும் கிரீமும் அப்படியே இருக்கே. மேலே வச்ச ஒரு துண்டு மாறினதால கேக் மாறிடாது. இன்னொண்ணு, இந்த வகைச் சர்க்கரை குடல்ல முழுசா செரிக்காது. நிறைய தின்னா வயிறு உப்பி, பேதியாகும். பாக்கெட்லயே எச்சரிக்கை இருக்கும். பெரியவங்களுக்கு ஒரு சின்னத் துண்டு பரவாயில்லை. சின்னக் குழந்தைங்க கைல பெரிய துண்டைக் கொடுக்காதீங்க.

பாகுக்கரண்டி

உடைஞ்ச ஓரம் நிஜக் கண்ணாடி அளவுக்கே கூர்மை. வித்யா, கேக் வெட்டறதுக்கு முன்னாடி அலையைத் தனியா எடுத்து வச்சுடச் சொல்லுங்க. ஓரங்களை டார்ச்சால ஒரு தடவை காட்டி மழுக்கிடுங்க.

நாகர்கோவில் நளா

கடலடி தீம்னா பாறை, பவளம் எல்லாம் வேணும்லா? அதுக்கு ஏன் ஐசோமால்ட்டைச் செலவழிக்கணும்? நான் கற்கண்டுதான் வைப்பேன். பெரிய கட்டிக் கற்கண்டைத் துணியில சுத்தி உலக்கையால ஒரு தட்டு தட்டினா மூலை மூலையா உடையும். ஜெல் நிறத்தைக் கொஞ்சம் வோட்காவுல கரைச்சு பிரஷ்ஷால தொட்டு வச்சா ஓரம் அடர்த்தியாவும் நடுவுல வெளுப்பாவும் பிடிக்கும். வோட்கா வேண்டாம்கிற வீட்டுக்குப் பவுடர் நிறத்தைக் காய்ஞ்ச பிரஷ்ஷால தடவுதேன். தண்ணியில கரைச்சுத் தடவினா கற்கண்டு முகம் கரைஞ்சு மழுங்கிப் போவும்.

நூல்ல கோத்து வர்ற கற்கண்டுன்னா நூலை எடுத்துட்டு வைக்கணும். குழந்தைங்க வாயில போயிரும்.

பாகுக்கரண்டி

அருமை. கற்கண்டு ஒவ்வொண்ணும் ஒரே பெரிய பரல், நாள்கணக்கா நிதானமா வளர்ந்தது. மாமியோட பொம்மைல கோடிக்கணக்கான பரல், இதுல ஒண்ணே ஒண்ணு, அதனால வெளிச்சமும் ஊடுருவும், ஈரமும் ஏறாது. உங்களுக்கு வேண்டிய வடிவத்துல மட்டும் கிடைக்காது. பாறைக்கு அந்தக் கோணல் வடிவமேதான் அழகு. மழை கொட்டற ராத்திரியில காத்து ஈரம் 85-ஐத் தாண்டும்போது மேலே லேசா கசியும், அவ்வளவுதான்.

கோவை அம்மணி

அகர் அகர் ஷீட் யாரும் சொல்லலையே? கடல்பாசி சைவந்தானுங்களே. மெலிசா ஊத்திக் காய வச்சா பிளாஸ்டிக் பை மாதிரி ஒளி ஊடுருவும். மீன் துடுப்புக்கு நான் போட்டிருக்கேன்.

பாகுக்கரண்டி

துடுப்புக்கு நல்லா இருக்கும். காயும்போது சுருங்கி மடியும், அது துடுப்புக்கு அழகு, அலைக்கு ஆகாது. ஓரத்துல கனம் வச்சுக் காய வைங்க.

வேளச்சேரி வித்யா

முடிவு பண்ணிட்டேன். அலை மட்டும் ஐசோமால்ட், மூணு துண்டா. அடியில பாறை எல்லாம் நளா அக்கா சொன்ன கற்கண்டு, பவுடர் நிறம்தான், வோட்கா அந்த வீட்டுல ஆகாது. மீன் வால் அகர் அகர். சாப்பிடறதுக்குச் சர்க்கரை லாலிபாப் தனியா ஒரு டப்பாவுல, லிக்விட் குளுக்கோஸ் போட்டு, சுத்தினது சுத்தினபடி. விலையை அந்த அம்மாகிட்ட மறுபடி பேசணும். அலைக்கான பொருள் செலவை அவங்க கணக்குல சேர்த்துதான் ஆகணும்.

பாத்திரம் கழுவறதுக்கு வழி சொல்லுங்க, அடியில உறைஞ்சு கிடக்கு.

மீனாட்சி மாமி

சுரண்டாதீங்கோ. பாத்திரம் நிறைய தண்ணி ஊத்தி, கரண்டி, தெர்மாமீட்டர் குச்சி எல்லாம் அதுலயே போட்டு ஒரு கொதி விடுங்கோ, தானா கரைஞ்சுடும். விலையை அவசியம் பேசுங்கோ. கை வேலைக்குக் கூலி கேக்கத் தயங்கறது நம்மளவாகிட்ட உள்ள வழக்கம், அது மாறணும்.

கோத்தகிரி நிலா

இழை முழுக்கப் படிச்சேன். நான் கோத்தகிரியில இருக்கேன். 150 வரைக்கும் காய்ச்சினா எனக்கு மஞ்சளாயிடுது, சில நேரம் கருகல் வாசனைகூட வருது. தெர்மாமீட்டர் புதுசு.

பாகுக்கரண்டி

தெர்மாமீட்டர்ல தப்பு இல்லைன்னா, மலை உயரம் காரணமா இருக்கலாம். மேலே போகப் போகக் காத்தழுத்தம் குறையும், தண்ணி சீக்கிரம் கொதிச்சு வெளியேறும். ஊட்டியில, சுமார் 2,240 மீட்டர் உயரத்துல, தண்ணி 93 டிகிரியை ஒட்டியே கொதிச்சுடும். பாகு பதம்ங்கறது உள்ளே எவ்வளவு தண்ணி மிச்சம் இருக்குங்கறதுதான். அதனால நாங்க கடற்கரையில 150-ல பார்க்கற பதம் உங்களுக்கு முன்னாடியே வந்துடும், நீங்க அதைத் தாண்டிக் காய்ச்சிக்கிட்டு இருக்கீங்க.

வேலை தொடங்கறதுக்கு முன்னாடி வெறும் தண்ணியைக் கொதிக்க வச்சு தெர்மாமீட்டரைப் பிடிங்க. 100-க்கு எத்தனை குறையுதோ அத்தனையை நான் சொன்ன எண்ல இருந்து கழிச்சுடுங்க. 94-ல கொதிச்சா சர்க்கரைப் பாகை 144–146-ல இறக்கணும். ஐசோமால்ட்டுக்கும் அதே கணக்கு, 162–164. நம்பிக்கை வரலைன்னா ஒரு சொட்டைப் பச்சத்தண்ணில விட்டு எடுத்து வளைச்சுப் பாருங்க. வளையாம 'டக்'னு உடைஞ்சா அதுதான் பதம்.